யாரும் பார்க்காத மஞ்சள்

போன வாரம் ஒரு டெஸ்ட் ட்யூபைப் பார்த்து எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது. டெஸ்ட் ட்யூப் மேல் என்ன கோபம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

தென்னூரில் எங்கள் எதிர்வீட்டு ரிஸ்வானா பிளஸ் டூ படிக்கிறாள். ஸ்கூல் ஸ்ரீரங்கத்தில். அப்பா துபாயில். மாடல் பிராக்டிகலில் கெமிஸ்ட்ரி உப்புக்கு அவளுக்கு முட்டை. ஸ்கூலுக்குத் துணைக்கு வரச்சொல்லி அவள் அம்மா மெஹர் கூப்பிட்டார். போனேன்.

ஓர் உப்பைக் கொடுப்பார்கள். அதைக் கரைத்து, மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, என்ன நிறத்தில் வீழ்படிவு வருகிறது என்று பார்த்து, உள்ளே இருப்பது எந்த உலோகம் என்று சொல்ல வேண்டும். ஆனால் நடப்பது வேறு. லேப் அட்டெண்டர் நடந்துகொண்டே 'ஈயம்' என்று முணுமுணுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் மனப்பாடத்தை இறக்கிவைப்பார்கள். பொட்டாசியம் அயோடைடு விட்டேன், மஞ்சள் வீழ்படிவு வந்தது, ஆகவே ஈயம்... நானும் அப்படித்தான் பாஸ் செய்தேன். மறைப்பானேன்?

ரிஸ்வானா காதிலும் ஈயம் விழுந்தது. ஆனாலும் அயோடைடை விட்டுப் பார்த்தாள். மஞ்சள் வரவில்லை. இன்னொரு தடவை விட்டாள். வரவில்லை. அம்மோனியா விட்டபோதுதான் கஞ்சி மாதிரி வெள்ளையாக ஒன்று திரண்டது. அலுமினியம் என்று எழுதிவிட்டாள்.

"மத்த பிள்ளைங்க எல்லாருக்கும் ஈயம்தான் வந்திருக்கு மேடம். இவளுக்கு மட்டும் எப்படி அலுமினியம் வரும்?" என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர்.

எல்லோருக்கும் உப்பு எடுத்துக் கொடுத்த அதே பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். டீச்சரே கரைத்து அயோடைடு விட்டார். வெறும் தண்ணீர் போல நிறமில்லாமல் அப்படியே நின்றது.

யாரோ பாட்டிலை மாற்றி நிரப்பியிருக்கிறார்கள். போகட்டும், மனிதர்கள்தானே. ஆனால் ஒரு வகுப்பே வராத மஞ்சளை வந்ததாக எழுதியிருக்கிறதே... அதற்கு ஒருவர் சிவப்பு மையில் டிக் வேறு அடித்திருக்கிறாரே!

இவளுக்கு மார்க் போட்டால் மற்ற எல்லோருக்கும் குறைக்க வேண்டும், பேரண்ட்ஸ் சும்மா விடமாட்டார்கள் என்றார் டீச்சர். "மாடல்தானே மேடம், விட்டுடுங்க."

விடுவதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளைக்கு இதில் ஒரு பிள்ளைதானே நம் குடிநீரைச் சோதிக்கும் லேபில் உட்காரப்போகிறது? யாரோ சொன்னதை ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும். நாமும் நம்பிக் குடிப்போம். இதையெல்லாம் கத்தித்தான் சொன்னேன். மெஹர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். முட்டை முட்டையாகவே இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். அடுத்த வாரம் பப்ளிக் பிராக்டிகல். என்ன செய்யப்போகிறாய் என்று ரிஸ்வானாவிடம் கேட்டேன்.

"அட்டெண்டர் அண்ணன் சொல்றதை எழுதிடுவேன் ஆன்ட்டி. டெஸ்ட் பண்ணிப் பார்த்தாத்தான் மார்க் போகுது."

இனி அவளுக்கு ஃபுல் மார்க்தான்.