அண்ணன் கேட்காத நிலம்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் சொன்னார். நான் அவருக்கு ஒரே தங்கை. இதுபோன்ற மலர்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றில் மறைந்தவர்கள் எல்லோரும் புன்னகை மாறாதவர்களாகவும், யார் மனதையும் நோகடிக்காதவர்களாகவுமே இருப்பார்கள். எங்கள் அண்ணன் அப்படி இல்லை. அவர் கோபக்காரர், வீம்பு பிடித்தவர். அந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் இப்போது எங்கள் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அண்ணன் மருங்காபுரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அங்கே எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் சோளமும் கடலையும் விளையும். பெய்யாவிட்டால் அது வெறும் செம்மண் காடு. தொடர்ந்து மழை பொய்த்தபோது அப்பா நிலத்தை அடகு வைத்துவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்தார். தென்னூரில் ஒட்டுக்குடித்தனம். வந்த சில வருடங்களிலேயே அம்மா காலமாகிவிட்டார். அப்பா செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார்.

அந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பொடிக் கல்லை அரக்கு வைத்து ஒரு குச்சியின் நுனியில் ஒட்டுவார்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, மறு கையால் அந்தக் கல்லைச் சுழலும் தட்டில் அழுத்திப் பட்டை போடுவார்கள். கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே காணாது. கச்சாக் கல் வராத மாதங்களில் அதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு குடும்பமும் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். அது தீரும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது. வாங்கியவர் படுத்துவிட்டால் மகன் போய் உட்கார வேண்டும். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, ஆனால் மீறியவர்களும் இல்லை. கல்யாணமா, பிரசவமா, சாவா, எது வந்தாலும் முதலாளி மறுக்காமல் கொடுப்பார். தர்மவான் என்று கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. தேறி இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு ஸ்ரீரங்கத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாத்திரக் கடை. எங்கள் தகுதிக்கு அது பெரிய இடம்தான். கல்யாணச் செலவுக்கு அப்பா முன்பணம் கேட்டபோது, பையனும் வந்து உட்கார்ந்தால் தருவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

“கொஞ்ச நாளைக்குத்தாம்ப்பா. தங்கச்சி கல்யாணம் முடியட்டும். அட்வான்ஸைக் கழிச்சிட்டு நீ எங்க வேணா போ,” என்றார் அப்பா.

அண்ணன் முகம் சுளிக்காமல் போய் உட்கார்ந்தார். என்னைக்கூடக் கேலி செய்தார். “அங்க போய் எங்கண்ணன் பட்டறையில கல்லு உரசுறாருன்னு சொல்லி மானத்தை வாங்காத. வைர வியாபாரின்னு சொல்லு.” நானும் அப்படியே சொன்னேன். என் மாமியார் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கும் கல்யாணம் ஆகி ஒரு மகன் பிறந்தான். பகல் முழுவதும் பட்டறை, மாலையில் கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை என்று ஓடி ஓடி முன்பணத்தைக் கழித்துக்கொண்டே வந்தார். அதற்கிடையில் ரயில்வே வேலைக்குப் பரீட்சையும் எழுதினார். தேறியும்விட்டார். சேர வேண்டிய நாள் குறித்து உத்தரவு வந்தது. பாக்கி இருந்த சொச்சத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனார்.

முதலாளி ஆச்சரியப்பட்டாராம். “உங்கப்பா உன்கிட்ட சொல்லலையாப்பா? போன மாசம்தானே பெரிய தொகையா வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டாரு.”

அன்றைக்கு நான் தென்னூரில் இருந்தேன். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நின்றார்.

“யாரைக் கேட்டு வாங்கினீங்க?”

“யாரைக் கேக்கணும்? அடகுக் கெடு முடிய இருந்துச்சு. விட்டிருந்தா நிலம் போயிருக்கும். உனக்காகத்தானே மீட்டேன்.”

“எனக்கு வேணும்னு நான் கேட்டேனா?”

“கேக்காம கொடுக்குறவன்தான்டா அப்பன்.”

“என்னை அடகு வெச்சு உங்க நிலத்தை மீட்டுட்டு வந்திருக்கீங்க,” என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவர் அப்பாவிடம் பேசவில்லை. ரயில்வேக்குப் போக வேண்டிய நாள் அந்த வாரத்திலேயே கடந்தது. பிறகு வயதும் கடந்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. ஓடியிருந்தால் அத்தனை பாரமும் அப்பா தலையில் விழுந்திருக்கும். அப்பாவுக்கு அப்போதே கண் மங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணனுக்கு அது தெரியும். அவரை வெறுத்துக்கொண்டே அவருக்காக உட்கார்ந்திருந்தார் என்றுதான் நான் சொல்வேன். இதை எழுதும்போதே எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் வருகிறது.

அப்பாவும் பிள்ளையும் பேசாமல் இருப்பது ஊரில் இல்லாத அதிசயம் இல்லை. ஆனால் இவர்கள் பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். அப்பா பட்டை போட்ட கல்லைத்தான் அண்ணன் வாங்கி மெருகு ஏற்ற வேண்டும். அப்பா கல்லை நடுவில் வைப்பார், அண்ணன் எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் அண்ணிதான் தபால்காரர். “சோறு ஆறிப் போவுதுன்னு சொல்லும்மா,” என்பார் அப்பா. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் அப்பாவின் முழங்கைக்கு அருகில் உட்கார்ந்திருப்பார். “பசிக்கலைன்னு சொல்லு,” என்பார் அண்ணன், தட்டை இழுத்துக்கொண்டே. அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருவருக்கும் குழம்பு ஊற்றுவார். ஆரம்பத்தில் எனக்கு இது சிரிப்பாகக்கூட இருந்தது. எட்டு ஒன்பது வருடம் ஓடிய பிறகு சிரிக்க முடியவில்லை.

ஆண்டுதோறும் சித்திரையில் இருவரும் சமயபுரத்துக்கு நடந்து போவார்கள். ஸ்ரீரங்கத்தில் நானும் சேர்ந்துகொள்வேன். அப்பா முன்னால், அண்ணன் நாலடி பின்னால். ஒருமுறை கொள்ளிடம் பாலத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோது அப்பா தடுமாறி நடுவில் போய்விட்டார். அண்ணன் பாய்ந்து அவர் தோளில் கிடந்த துண்டோடு சேர்த்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் துண்டை விட்டார். அப்பா திரும்பிப் பார்க்காமல் துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். அண்ணன் பழையபடி நாலடி பின்னால் வந்தார். இவ்வளவு அக்கறை உள்ளவருக்கு வாயைத் திறக்க என்ன கேடு என்று நான் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

பிறகு அண்ணனுக்கு இருமல் வந்தது. சளியில் ரத்தம் கண்டதும் அண்ணி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். காசநோய். ஊசியும் மாத்திரையும் இலவசம்தான். ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: ஆறு மாதம் வேலை கூடாது, தூசி கூடாது, பாலும் முட்டையும் சாப்பிட வேண்டும், சொன்னபடி கேட்டால் பிழைத்துக்கொள்வார். வேலை செய்யாவிட்டால் வீடு எப்படி ஓடும் என்று டாக்டரிடம் கேட்க முடியுமா? அதற்கு முதலாளி வழி சொன்னார்.

“நீ படுத்து உடம்பைத் தேத்திக்க. வீட்டுச் செலவுக்கு நான் தரேன். பையன் பகல்ல ஸ்கூலுக்குப் போகட்டும், சாயங்காலம் வந்து கையைப் பழக்கட்டும்.”

அண்ணன் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணன், “வேணாங்க, நானே வந்துடுறேன்,” என்று சொல்லிவிட்டு மறுநாள் பட்டறைக்குப் போய்விட்டார். நான் பஸ் ஏறி ஓடி வந்து சத்தம் போட்டேன். அவர் தன் விரல்களை என் முன்னால் நீட்டினார். நுனியெல்லாம் தேய்ந்து ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தன. “எனக்கு இதுதான் மிச்சம். அவன் கையாவது கையா இருக்கட்டும்,” என்றார்.

அப்போதுதான் நிலத்தின் நினைவு எனக்கு வந்தது. மீட்டதிலிருந்து ஒழுங்காக ஒரு மகசூல் எடுக்காத நிலம். அதை விற்றால் முன்பணத்தையும் அடைக்கலாம், அண்ணன் ஆறு மாதம் படுக்கவும் செய்யலாம். அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

“அது அவன் நிலம். அவன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். நாளைக்கே வித்துத் தரேன்.”

“அவரால முடியலப்பா. நான் கேக்குறேனே, போதாதா?”

“உனக்கா மீட்டேன்? அவனுக்குத்தானே மீட்டேன். இத்தனை வருஷமா அப்பான்னு ஒரு வார்த்தை இல்ல. அவன் கேக்கட்டும்.”

உள்ளே போய் அண்ணனிடம் சொன்னேன். சொல்லவே வேண்டியதில்லை. நடுவில் இருந்தது ஒரு தட்டி மறைப்புதான், எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும்.

“மீட்டப்போ என்னைக் கேட்டாரா? விக்கிறதுக்கு மட்டும் நான் எதுக்குப் போய்க் கேக்கணும்?” என்றார். “அவர்கிட்ட கையேந்தி நான் பொழைக்க வேணாம்.”

தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எத்தனை தடவை போய் வந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். இருவரும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் பாலுக்கும் முட்டைக்கும் கொடுத்து அனுப்புவார். அண்ணன் அதை மகனுக்குக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிட்டதாகச் சொல்வார். பட்டறையில் சக்கரத்தைச் சுற்றும் கை பாதியில் நின்று போகும் நாள் வரைக்கும் வேலைக்குப் போனார்.

கடைசியில் படுக்கையாகிவிட்டார். ஒரு மத்தியானம் அண்ணி குழாயடிக்குப் போயிருந்தார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அண்ணனின் தலைமாட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் கண் விழித்தார்.

“அப்பா, கொஞ்சம் தண்ணி.”

என் கையிலிருந்த முறம் நின்றுவிட்டது. அப்பா எழுந்து, பானையைத் தடவிக் கண்டுபிடித்து, டம்ளரில் மொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் சிந்தினார். அண்ணன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக் குடிக்க வைத்தார். அதன் பிறகு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் ஒரு வார்த்தை வருமா என்று நானும் காத்திருந்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மறுநாள் விடியும்போது போய்விட்டார். வயது முப்பத்து நான்கு.

மூன்றாம் நாள் முதலாளி வந்து துக்கம் விசாரித்துவிட்டு, காரியச் செலவுக்கென்று ஒரு கவரை நீட்டினார். காலமெல்லாம் வாங்கிப் பழகிய கை. அப்பா வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அப்பாவுக்கு எதிரில் நின்று பேசியே அறியாத அண்ணி எழுந்து வந்து நின்றார்.

“மாமா, அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

“காரியம் நடக்க வேணாமாம்மா?”

“இதை வாங்கினா நாளைக்கு எம்புள்ளை போய் உக்காரணும். அதுக்கு அவரு அப்பவே அட்வான்ஸ் வாங்கிட்டுப் படுத்துப் பொழைச்சிருப்பாரே மாமா.”

அப்பா கவரை எடுத்து முதலாளி கையில் கொடுத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் பேரனை அழைத்துக்கொண்டு மருங்காபுரிக்குப் போனார். பக்கத்துக் காட்டுக்காரரிடம் அவர் சொன்ன விலைக்கே நிலத்தைப் பேசி முடித்துவிட்டு வந்தார். முதலாளியின் முன்பணம் முழுவதும் அடைந்தது. பதினாறாம் நாள் காரியமும் குறைவில்லாமல் நடந்தது. அண்ணன் மகன் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய குற்றமும் இதில் இருப்பதால் அவருக்குத் தெரியாமல் அச்சேற்ற எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்காமல் கொடுப்பவன்தான் அப்பன் என்று அவர் சொன்ன இடம் வந்ததும், “அப்படியா சொன்னேன்?” என்றார். ஆமாம் என்றேன். மீதியையும் படித்து முடித்தேன். நான் தாளை மடிக்கும்போது சொன்னார்:

“தண்ணி கேட்டான், கொடுத்தேன். நிலத்தையும் கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே.”

எழுதியதை நான் மாற்றவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். பொறுமையாகப் பார்த்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், அண்ணன் போன அன்று சக்கரங்களை நிறுத்திவிட்டுச் சுடுகாடுவரை வந்த பட்டறைத் தோழர்களுக்கும், நான் தென்னூரே கதியென்று கிடந்த மாதங்களில் ஒரு சொல் சொல்லாத என் வீட்டுக்காரருக்கும், வைர வியாபாரி பொய்யை எப்போதோ தெரிந்துகொண்டும் காட்டிக்கொள்ளாமல் கடைசிவரை மோர் கொடுத்தனுப்பிய என் மாமியாருக்கும், அடுப்பு எரியாத நாட்களில் பாத்திரத்தோடு வந்து நின்ற பக்கத்துக் குடித்தனக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் அண்ணன் கேட்கத் தெரியாத மனிதர். அவர் கேட்கட்டும் என்று காத்திராமல், கேட்காமலே வந்து கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் எல்லோருக்கும் அண்ணியும் அண்ணன் மகனும் நானும் கைகூப்புகிறோம். அப்பா தன் சார்பிலும் கைகூப்பச் சொன்னார்.

தங்கை,
ஸ்ரீரங்கம்