ஏழாம் நம்பரின் ஒப்பந்தம்

பழனிவேலின் இறுதிச் சடங்கில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேருமே அவர் பெரிய பொறுமைசாலி என்றார்கள். அவரோடு உட்கார்ந்து அவர்கள் ஒரே ஒரு ரக்பி லீக் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்பது அதிலிருந்தே தெரிந்துவிட்டது. பார்த்தவர்கள் பின்வரிசையில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

வேலையிடத்தில் அவர் பொறுமைசாலிதான். ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு இன்ஜினீயர். ஓடாத இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் லின்ஃபீல்ட் வீட்டில் டிவியைப் போட்டுவிட்டால் அவர் வேறு ஆள். பக்கத்து வீட்டு நாய் அந்த நேரத்தில் தானாகவே உள்ளே போய்விடும்.

ஹெரான்ஸ் என்ற ரக்பி லீக் அணிக்குத்தான் இத்தனையும். சட்டையில் கொக்குப் படம். சேலத்திலிருந்து வந்த முதல் வருஷம், தொழிற்சாலை நண்பர் ஒருவர் ஓசி டிக்கெட்டில் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அன்று ஹெரான்ஸ் ஜெயித்தது. அந்த ஒரு வெற்றியை நம்பி மனிதர் இருபது வருஷம் ஏமாந்தார்.

"ஊர்ல அவனவன் சிங்கம், புலின்னு டீம் வெச்சிருக்கான். உங்களுக்குன்னு வாய்ச்சது ஒத்தக் கால்ல நிக்கிற பறவை" என்பார் அவர் மனைவி ஆனந்தவல்லி. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நாள் முழுக்க ரத்தம் பார்க்கிறவர். எதற்கும் அசர மாட்டார்.

அதில் கடைசி மூன்று வருஷங்களாகப் பழனிவேலின் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல். ஏழாம் நம்பர் சட்டைக்காரன். லீக்கில் ஆட்டத்தை ஓட்டுபவன் அவன்தான். பந்து எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது உதைக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் முடிவு. ஹெரான்ஸின் ஏழாம் நம்பர் முடிவெடுப்பதற்குள் எதிரணிக்காரர்கள் நான்கு பேர் வந்து அவன் மேல் உட்கார்ந்துவிடுவார்கள். பழைய புகழைப் பார்த்து நிர்வாகம் அவனுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் கொடுத்திருந்தது. அவனுக்கு மாற்றாகப் பெஞ்சில் இருந்த துடிப்பான பையனை வைத்துக்கொள்ள வழியில்லாமல் சிட்னிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் அங்கே வாராவாரம் வெளுத்துக் கட்டினான். ஏழாம் நம்பரை உட்காரவைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது, வெளியே அனுப்பவும் முடியாது என்று ஒப்பந்தம் சொல்வதாகப் பத்திரிகைகள் எழுதின. உள்ளே சரியாக என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே ரேடியோவில் மத்தியான நிகழ்ச்சி ஒன்று இருந்தது. நேயர்கள் போன் போட்டுத் திட்டலாம். பழனிவேல் சாப்பாட்டு இடைவேளையில் காரில் உட்கார்ந்து, தயிர்சாத டப்பாவை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு போன் போடுவார். அந்த நிகழ்ச்சியில் அவர் பெயர் 'லின்ஃபீல்ட் வேல்'. மேற்கு ஆக்லாந்தில் லாரி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அவர் குரல் தெரியும்.

"அந்த ஒப்பந்தத்தை எழுதின வக்கீல் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்பதுதான் அவருடைய பல்லவி. கிடைத்தால் என்ன செய்வார் என்பதை அவர் சொன்னதில்லை. ரேடியோக்காரர்கள் அதற்குள் விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மகள் வைஷாலி, தான் ஒரு பையனை விரும்புவதாகச் சொன்னாள். பெயர் வினேஷ். வக்கீல். பிஜியிலிருந்து வந்த குடும்பம். அப்பா பால் கோவிந்த் ஹென்டர்சனில் கார் ஒடுக்கெடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

"பிஜிக்காரங்களா? தமிழ் பேசுவாங்களா?" என்று கேட்டார் பழனிவேல்.

"அவங்க கொள்ளுத் தாத்தா பேசினாராம்."

"அவரையா கட்டிக்கப் போற?"

"அப்பா, ப்ளீஸ்."

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவர்கள் வந்தார்கள். வெளியே மழை. பால் கோவிந்தின் மனைவி பிரமிளா ஒரு தட்டு நிறைய மரவள்ளிக்கிழங்கு வறுவல் கொண்டுவந்திருந்தார். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. முதல் கால் மணி நேரம் வானிலை, மோட்டர்வே என்று நொண்டியடித்தது. அப்போது பால் கோவிந்தின் பார்வை அலமாரியின் மேல் இருந்த கொக்குத் தொப்பியில் விழுந்தது.

"பிரதர்... நீங்களுமா?"

"நீங்களுமா?"

"நேத்து பார்த்தீங்களா அந்த ஏழாம் நம்பரை?"

அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் இரண்டு அப்பாக்களும் மூச்சு விடாமல் பேசினார்கள். ஏழாம் நம்பர் தவறவிட்ட பந்துகளைத் தேதிவாரியாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிட்னிக்குப் போன பையனை நினைத்து இருவருமே உச்சுக் கொட்டினார்கள். பிஜி, சேலம் எல்லாம் அடிபட்டுப் போய்விட்டது. கல்யாணம் பேசி முடித்த மாதிரிதான் என்று ஆனந்தவல்லி பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வினேஷ் மட்டும் தட்டிலிருந்த கேசரியைக் கரண்டியால் நான்கு மூலைக்கும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒப்பந்தத்தை எழுதின முட்டாள்" என்றார் பழனிவேல்.

"சரியான கழுதை" என்றார் பால் கோவிந்த்.

"படிச்சுத்தான் பாஸ் பண்ணினானா, இல்ல..."

"போதும்!" என்றாள் வைஷாலி. "அவன் ஒண்ணும் முட்டாள் இல்ல. உங்க கொக்குங்க மூணு வருஷமா வெளிய வர வழி தேடுறாங்க, முடியல இல்ல? அவ்வளவு நல்லா எழுதியிருக்கான். ஆட்டக்காரர் பக்கம் எழுதினா அப்படித்தான் எழுதணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வினேஷின் காது இரண்டும் சிவந்திருந்தன. பால் கோவிந்த் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயா?"

"டாட்..."

"மூணு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்து ஆட்டம் பார்த்தியேடா!"

அடுத்து இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது. பழனிவேல் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"சரி தம்பி, போனது போகட்டும். உள்ள என்ன இருக்கு? வெளிய அனுப்ப ஏதாவது ஒரு வழி வெச்சிருப்பியே?"

"அதைச் சொல்ல முடியாது அங்கிள்."

"நமக்குள்ளதானே."

"சொல்ல முடியாது அங்கிள்."

"நான் உன்னைப் பெத்தவன்" என்றார் பால் கோவிந்த்.

"சொல்ல முடியாது டாட்."

"இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. தலையை ஆட்டினாப் போதும்" என்று இறங்கி வந்தார் பழனிவேல்.

வினேஷ் தலையைக்கூட ஆட்டவில்லை. பழனிவேலுக்குக் கோபம் மூக்கின் மேல் ஏறியது. இருபது வருஷத் தோல்வியும் ஒன்றாகத் திரண்டு வந்ததுபோல், "குடும்பத்துக்குள்ளேயே இப்படி ஒளிச்சு வைக்கிறவனுக்கு நான் எப்படிப் பொண்ணு குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டார்.

சொல்லிய கணமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியது. எப்படி என்றுதான் தெரியவில்லை. வைஷாலி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று தமிழில் சொன்னாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவள் முழுத் தமிழில் பேசுவாள்.

"இது வெளிய தெரிஞ்சா அவன் வேலை போயிடும்ப்பா. இனிமே எங்கயும் வக்கீலா இருக்க முடியாது. நான் வாய் தவறிச் சொல்லிட்டேன், என் தப்பு. ஆனா சொன்னது உங்ககிட்ட. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. பழனிவேலிடம் ஒரு விஷயம் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஆனந்தவல்லியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ரகசிய விருந்து ஏற்பாடு செய்து, அன்று காலை அவரிடமே, "சாயங்காலம் நல்ல புடவையாக் கட்டிக்கோ, நாப்பது பேர் வராங்க" என்று சொன்னவர். குடும்ப நண்பர் சோபனா கர்ப்பமாக இருக்கும் செய்தியை அவள் கணவனுக்கு முன்பாகக் கோயில் பிரசாத வரிசைக்குத் தெரிவித்தவர்.

வைஷாலி ஹில்ஸ்பரோவில் தோழிகளோடு இருந்த வீட்டுக்குப் போனவள் மூன்று வாரம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஆனந்தவல்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. சனிக்கிழமைதோறும், ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்து, கோதுமை ரவை உப்புமா செய்து முன்னால் வைத்தார். பழனிவேலுக்கு உலகத்திலேயே பிடிக்காத இரண்டு விஷயங்கள், உப்புமாவும் ஏழாம் நம்பரும், ஒரே சமயத்தில் எதிரே இருந்தன.

மூன்றாம் சனிக்கிழமை, கடைசி இடத்தில் இருந்த அணியிடம் ஹெரான்ஸ் தோற்றது. திங்கட்கிழமை மத்தியானம் பழனிவேல் காரில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டார். நிகழ்ச்சி நடத்துபவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒப்பந்தத்தை எழுதியது யார்? நேயர்களே, யாருக்காவது தெரியுமா?"

பழனிவேலின் கை தானாகவே நம்பரை அழுத்தியது. எடுத்த பெண் வழக்கம்போல, "வேல், இன்னைக்கு எதைப் பற்றி?" என்றாள்.

"அந்த வக்கீலை எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"லைன்லயே இருங்க. தயவுசெய்து வெச்சிடாதீங்க."

இருபது வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. இரண்டு நிமிஷம் காத்திருந்தார். "அடுத்து லின்ஃபீல்ட் வேல். அவருக்கு அந்த வக்கீலைத் தெரியுமாம். எங்கேயும் போகாதீர்கள்" என்று ரேடியோவில் அறிவித்தார்கள். உடனே போன் திரையில் இன்னொரு அழைப்பு வந்தது. வைஷாலி. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் அழைப்பு. அது நின்றதும் பால் கோவிந்த். அதுவும் நின்றதும் மறுபடி வைஷாலி.

எதையும் எடுக்கவில்லை. பெயரைச் சொல்லத்தான் போன் போட்டோமா என்று யோசித்துப் பார்த்தார். நிச்சயமாகத் தெரியவில்லை. நாக்கு நுனியில் பெயர் தயாராக இருந்தது. கூடவே, தட்டைப் பார்த்தபடி காது சிவக்க உட்கார்ந்திருந்த பையனின் முகமும் வந்தது. இரண்டு அப்பாக்கள், ஒரு கல்யாணம், சுடச்சுடக் கேசரி. இத்தனையையும் வைத்து நெருக்கியும் அவனிடமிருந்து ஒரு தலையசைப்புகூட வரவில்லையே.

"வேல், நீங்கள் நேரலையில் இருக்கிறீர்கள். யார் அந்த வக்கீல்?"

"தெரியும்" என்றார் பழனிவேல். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா சொல்ல முடியாது."

"என்ன வேல், இப்படிச் சொல்றீங்க? முதல் எழுத்து மட்டும்?"

"சொல்ல முடியாது."

"ஆணா பெண்ணா?"

"சொல்ல முடியாது."

"அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் தருகிறோம். முதல் வரிசை."

"அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம்னு சொல்லி இரண்டு டிக்கெட் குடுங்க, யோசிக்கிறேன்."

அந்த மனிதர் சிரித்தார், கெஞ்சினார், கடைசியில் கோபித்துக்கொண்டார். பழனிவேலுக்கோ ஒவ்வொரு 'முடியாது'க்கும் உடம்பில் தெம்பு கூடியது. சொல்வதில் இருக்கும் ருசி அவருக்குத் தெரியும். சொல்லாமல் இருப்பதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இன்னும் பத்து நிமிஷம்கூட அவரால் மறுத்துக்கொண்டே இருந்திருக்க முடியும். விளம்பரம் வந்துவிட்டது.

போனை வைத்ததும் அது அடித்தது. அந்தப் பக்கம் வைஷாலி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பைத்தியமாப்பா உங்களுக்கு? எதுக்கு அங்க போன் போட்டீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு!"

"எனக்கும்தாம்மா" என்றார் பழனிவேல். பிறகு, "அன்னைக்கு நான் பேசினது தப்பு. அந்தப் பையன்கிட்டயும் சொல்லிடு. இல்ல, வேண்டாம். சனிக்கிழமை கூட்டிட்டு வா, நானே சொல்றேன்."

பால் கோவிந்துக்குக் கூப்பிட்டபோது அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "பிரதர், ரேடியோவைக் கேட்ட பதற்றத்துல வாடிக்கையாளர் கார் ஒண்ணுல நல்ல கதவைத் தட்டி ஒடுக்கிட்டேன். செலவு உங்களோடது."

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பழனிவேல் வாசலிலேயே வினேஷின் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை இருவருமே யாரிடமும் சொல்லவில்லை. உப்புமா இல்லை. பிரியாணி இருந்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். ஹெரான்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து ஏழாம் நம்பரின் கைக்கு வந்தது. அவன் இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். இரண்டு அப்பாக்களும் வினேஷ் முன்னால் ஏழாம் நம்பரைத் திட்டக் கூடாது என்று பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உதைடா! உதைடா, தூங்குமூஞ்சி!" என்று ஒரு குரல் அலறியது. வினேஷ் சோபாவிலிருந்து எழுந்து நின்று, பிரியாணித் தட்டோடு ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தான். ஏழாம் நம்பர் உதைக்கவில்லை. நான்கு பேர் வந்து அவன் மேல் உட்கார்ந்தார்கள்.

பழனிவேல் வினேஷைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஆனந்தி, கல்யாணத்துக்கு நாள் பாரு. ஹெரான்ஸ் ஆட்டம் இல்லாத சனிக்கிழமையாப் பாரு."

"ஆட்டம் இருக்கிற நாளாத்தான் பாக்கப் போறேன்" என்றார் ஆனந்தவல்லி உள்ளேயிருந்து. "ஒரு வாரமாவது அவங்க தோக்கறதைப் பாக்காம இருப்பீங்க."