சத்தம் போடாத கேன்

அவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று தெருவில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்பது வேறு விஷயம். கட்டிக்கொண்டவரோ நேர் எதிர். கதவைத் திறந்தாலும் "மெதுவா", காபியை ஆற்றினாலும் "மெதுவா". வேலைக்குப் போகிற இடங்களில் காவல்காரர்கள் அவருக்கு மெதுவாண்ணன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்கூட்டர் ஓட்டக்கூட பயந்து பஸ்ஸில்தான் போவார். உங்க அண்ணன் தன் நிழலுக்கே வழிவிட்டு ஒதுங்கி நிற்பார் என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

இருவருக்கும் ஒரே தொழில். கூப்பிட்ட இடத்துக்குப் போய் கார், சோபா, ஆபீஸ் நாற்காலி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கொடுப்பது. ஆளுக்கொரு ஸ்பிரே கேன்; அவளுடையது சிவப்பு, அவருடையது நீலம். கேனில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, மூடியில் இருக்கும் பம்ப்பை மூச்சு வாங்க அடித்துக் காற்றேற்ற வேண்டும். பிறகு நீளக் குழாயின் முனையில் உள்ள விசையை அழுத்தினால் நுரை பீய்ச்சும். சொல்வதற்குச் சுலபம். ஒரு ஆபீஸ் முழுக்க நாற்காலி துடைத்த அன்று, தலைவாரக் கை தூக்க முடியாமல் அழுதேவிட்டாள்.

அவள் சும்மா இருப்பாளா? பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிச் சிவப்புக் கேனின் மூடியில் ஒரு டியூப் வால்வைப் பொருத்திக்கொண்டாள். காலையில் கடைக்குப் போய் டயருக்கு அடிப்பது போலக் காற்றடித்து வந்துவிட்டால் தோளுக்கு வேலையே இல்லை. ஆனால் கேனின் பக்கவாட்டில் ஒரு சேஃப்டி வால்வும் இருந்தது. காற்று அளவு மீறினால் தானாக வெளியே விடுகிற சின்னக் குமிழ். பழசாகிப்போன அது, வேண்டாத நேரத்திலும் 'ஸ்ஸ்' என்று விட்டுக்கொண்டே இருந்தது. பாதி சோபாவில் நுரை நின்றுபோகும். ஒரு வீட்டம்மா, கேஸ் கசிகிறதென்று அடுப்பங்கரைக்கு ஓடியேவிட்டார். அன்று சாயங்காலமே, ஒழுகும் குழாயை அடைக்கிற பசையை உருட்டி அந்தக் குமிழின் வாயில் அப்பினாள். விடிவதற்குள் அது கல்லாக இறுகிவிட்டது. விட்டது தொல்லை என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கேனைப் பஞ்சர் கடையில் கொடுத்துவிட்டுப் பால் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது கடைக்காரர் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று தானே காற்றுக் குழாயைக் கழற்றி, கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். கேன் நன்றாக விறைத்திருந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். வீட்டில் கதவோரம் சாத்திவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நீலக் கேனில் வாஷர் போய்விட்டது, உன்னுடையதை எடுத்துப் போகிறேன் என்று கதவுக்கு வெளியே அவர் சொன்னது காதில் விழுந்தது. சரி என்றாள்.

புது வாஷர் போட நீலக் கேனோடு மறுபடி பஞ்சர் கடைக்குப் போனால், கடைக்காரர் முகமே சரியில்லை.

"அக்கா, அந்த சிவப்புக் கேன் எங்க? எப்பவும் 'ஸ்ஸ்'னு சத்தம் வந்ததும்தான் நான் காத்த நிறுத்துவேன். இன்னைக்கும் சத்தம் வரட்டும்னு விட்டுட்டு லாரிகிட்ட போனேன். வரவே இல்லையே."

அந்தச் சத்தத்தை அடைத்தவளே அவள்தானே. அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் பட்டுவிடுமோ என்று வேலை நேரத்தில் போனைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுவிடுகிற மனிதர், எப்படி எடுப்பார்? ஸ்கூட்டரை முறுக்கினாள். வெயில் ஏற ஏற அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. சூடு பட்டால் காற்று இன்னும் முறுக்கிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்ததற்கு உடம்பே தூக்கிப்போட்டது.

அவர் வேலை செய்கிற ஆபீஸின் கார் நிறுத்துமிடத்தில் நிழலே இல்லை. ஒரு வெள்ளைக் கார். அதன் பக்கத்தில் சிவப்புக் கேன், நட்ட நடு வெயிலில். அடிப்பாகம் பந்து மாதிரி புடைத்து, நிற்க முடியாமல் படுத்துக் கிடந்தது. உருளாமல் இருக்க அவர் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். கேனில் முதுகு உரசும்படி குந்தி உட்கார்ந்து, சக்கரத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரை இன்னும் ஒரு சொட்டுகூட அடித்திருக்கவில்லை.

கத்தினால் திடுக்கிட்டுத் துள்ளுவார், கேனில் இடிப்பார். வந்த கூச்சலை விழுங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய வார்த்தையை அவள் எடுத்தாள்.

"மெதுவா. மெதுவா எழுந்து என்கிட்ட வாங்க. கேன் மேல கால் படாம."

ஏன் என்று கேட்காமல் வந்தார். குழாயின் முனை தள்ளிக் கிடந்தது. அவள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் விசையை அழுத்தினாள். நுரை சுவரிலும் தரையிலும் இருவர் மேலும் அடித்தது. அழுத்திய விரலை எடுக்கவில்லை. தண்ணீர் தீர்ந்து வெறும் காற்று சீறி, அதுவும் மெலிந்து ஓய்ந்தது. எட்டிப் பார்த்தாள். கேனின் அடி உள்வாங்கியிருந்தது.

அவர் போய் அதைப் புரட்டினார். குமிழின் வாயில் இருந்த பசையை நகத்தால் கீறிப் பார்த்தார். யார் அடைத்தது என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள்.

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் நகத்தில் ஒட்டிய பசையைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"பஸ்ல கூட்டம். இதை மடியிலதான் வெச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, கையில குழந்தை. அது இந்தக் கேன் மேல தலையைச் சாய்ச்சுத் தூங்கிடுச்சு. கேன் ஆடினா முழிச்சுக்குமேன்னு, இறங்கற வரைக்கும் ரெண்டு கையாலயும் இதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

அவள் நுரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காற்றெல்லாம் போய் முடிந்த பிறகும் அவள் விரல் அந்த விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.