கூரைக்காக எழுதிய மனு

லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். பழைய கடிதங்களைப் படித்து, யார் யாருக்கு எதற்காக எழுதினார் என்று இரண்டு வரியில் குறிப்பெழுத வேண்டும். போன குளிர்காலம் முழுவதும், துருக்கிச் சுல்தானின் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலத்து பிரிட்டிஷ் தூதரகக் கடிதங்கள் என் மேசையில் கிடந்தன.

பாதிக்கு மேல் அந்தப் பேரரசிலிருந்த ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் கூரையைப் பற்றியவை. கூரை ஒழுகியது. கத்தோலிக்கரும் கிரேக்கச் சபையினரும் அங்கே முறைவைத்துத் தொழுதார்கள். கூரையைத் திருத்துகிறவர்களுக்கே ஆலயம் சொந்தமாகிவிடும் என்று இரு பக்கமும் பயந்தது. கத்தோலிக்கருக்குப் பின்னால் பிரான்ஸ், மற்றவர்களுக்குப் பின்னால் ரஷ்யா. இரண்டையும் பகைக்கத் துணியாத சுல்தான் இருவருக்கும் அனுமதி கொடுத்து, இரண்டையும் திரும்பப் பெற்றார்.

கடைசியில் இரு சபையாரும் ஒரே தாளில் கையொப்பமிட்டு பிரிட்டனுக்கு மனு எழுதினார்கள். மழை எங்கள் எல்லார் தலையிலும்தான் விழுகிறது, ஓடு போட யாராவது அனுமதி வாங்கித் தாருங்கள் என்று.

அந்த மனுவைப் படித்த வாரம், சனிக்கிழமை, தென் லண்டனில் இருக்கும் அம்மா அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா வழக்கம்போல ஒரு கடிதத்தோடு காத்திருந்தார். நான் பிறப்பதற்கு முன் யாழ்ப்பாணத்தில் இராணுவம் பிடித்துச் சென்ற சித்தப்பாவைப் பற்றிய கடிதம். ஆண்டுதோறும் லண்டன், டெல்லி அரசுகளுக்கும் ஜெனீவாவில் மனித உரிமை அலுவலகத்துக்கும் அனுப்புவார். பள்ளிக்கூட நாட்களிலிருந்து நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன். பேச்சுவாக்கில் கூரைக் கதையைச் சொல்லிவிட்டேன்.

“என்ன மறுமொழி போட்டவங்கள்?” என்று அப்பா கேட்டார்.

“போடேல்லை அப்பா. பின்பக்கத்தில ஒரு அதிகாரி, பதில் வேண்டாம் எண்டு பென்சிலால எழுதியிருக்கிறார்.”

“வாசிச்சிட்டோ?”

“ஓம். வாசிச்சிட்டுத்தான்.”

“கூரை?”

“அடுத்த மாரியில விழுந்திட்டுது. உள்ளுக்கு ஆக்கள் இருந்தவை.”

பொய் சொல்லியிருக்கலாம். திருத்திவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நட்டம்? அப்பா தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவையின்ர இங்கிலீஷ் பிழையாயிருந்திருக்கும்” என்றார் பிறகு. “நீ எங்கட கடிதத்தை வடிவா எழுது, பிள்ளை.”

அந்த மனுவில் ஒரு பிழைகூட இருக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. எழுதினேன். அப்பா மூன்று பிரதிகளிலும் கையொப்பமிட்டார். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன்.

மார்ச்சில் அப்பா இறந்துபோனார். இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு ஏப்ரலில், அப்பா பெயருக்கே பதில் வந்தது. அன்புள்ள ஐயா, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். அவ்வளவுதான். அம்மாவிடம் காட்டாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.