தணல் இழுத்த பின்னும்

பேரையூர்க் கரிசலில் பருத்தி எடுத்த கை தங்கப்பொண்ணுக்கு. அது கோரிப்பாளையத்துத் தகரக் கூரைக் கொட்டகையில் கொப்பரை கிண்ட வந்ததை, வயிற்றுப்பாடு என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவள் வந்ததோ ஒன்றைத் தெரிந்துகொள்ள. அதே கொட்டகையில் கிண்டிய தன் புருசன் வெள்ளைத்துரை, ஊர் சொல்வதுபோல வேலையில் தூங்கித்தான் செத்தானா?

உலகச் சண்டைக் காலம். சீமைச் சுவிட்சுகளின் வரத்து நின்றுபோயிருந்தது. மிஷன் காலேஜில் ரசாயனம் படித்த கொட்டகை முதலாளி மரியராஜ், சுவிட்சு வார்க்கும் பிசினைத் தானே காய்ச்சத் துணிந்தார். கார்பாலிக் அமிலமும் ஃபார்மலினும் கொப்பரையில் கலந்து, கொஞ்சம் அமோனியா விட்டு, அடியில் விறகை மூட்டினால் போதும். மற்றதைக் கொப்பரையே பார்த்துக்கொள்ளும். அந்தக் கடைசிப் பகுதிதான் பயம்.

"அமோனியா தூண்டிவிடுற ஆளு," என்று முதல் நாளே சொன்னார் மரியராஜ். "கொதி தொடங்கிருச்சுன்னா உள்ளுக்குள்ளயே சூடு பிறக்கும். அப்பத் தணலை வெளிய இழுத்துரணும். தூண்டுற சரக்கு கூடினாலோ, சூடு மிஞ்சினாலோ, பாகு கல்லாயிரும். திரும்ப இளகாது."

அப்படிக் கல்லான ஒன்று முற்றத்திலேயே நின்றது. வெள்ளைத்துரை கடைசியாகக் கிண்டியது, பொங்கித் தெறித்து அவனைக் கொன்றது. கொப்பரையை உடைத்து எடுத்த செம்பழுப்புக் கட்டி, நடுவில் அவன் துடுப்பு நட்டுக்க நின்றது. வெயில் பட்டால் உள்ளே ஏதோ விழித்துப் பார்ப்பது போலிருக்கும். வெயில் தாழ்ந்ததும் 'டிக்' என்று சொடுக்கும். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஒருமுறை திரும்புவார்கள்; தங்கப்பொண்ணு மட்டும் திரும்பமாட்டாள்.

"அன்னைக்குத் தணலெல்லாம் அடுப்புக்கு வெளியதான கெடந்துச்சு, சார்? தூங்குனவரு எப்படி இழுப்பாரு?" என்று மரியராஜிடம் கேட்டாள் தங்கப்பொண்ணு.

"அதான் எனக்கும் புரியல. அமோனியாவை நானே அளந்து ஊத்துனேன். இழுத்துட்டு அசந்திருப்பாரு, பாவம்."

அந்த 'பாவ'த்தை மூக்கால் இழுத்துச் சொல்லிக் காட்டுவாள் மாயக்காள். விறகு தள்ளும் கீழக்குயில்குடிக்காரி. யார் குரலும் அவள் தொண்டையில் குடியிருக்கும். ஒருநாள் ஆவிக்குப் பின்னாலிருந்து வெள்ளைத்துரையின் குரலே வந்தது: "ஏத்தா, தள்ளி நில்லு, தெறிக்கும்." இருமல் முதல்கொண்டு அவனேதான்.

தங்கப்பொண்ணு துடுப்பை விட்டுவிட்டாள்.

"மதினி, சும்மா விளையாட்டுக்கு."

"விளையாடு. அந்தக் குரலை மட்டும் விட்டுரு."

மாயக்காள் விட்டுவிட்டாள்.

பிறகு வந்த வெள்ளிக்கிழமை, கொப்பரை முதல் குமிழி விட்டதும் தங்கப்பொண்ணு தணலை இழுத்து நீர் தெளித்தாள். கொதி அடங்கவேண்டிய நேரம். அடங்கவில்லை. நெருப்பில்லாத அடுப்பின்மேல் பாகு பெருமூச்சு விட்டு மேலேறியது. துடுப்பை யாரோ அடியிலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இறுகியது. நுரை மஞ்சளும் சிவப்புமாகப் பொங்கியது.

எதிரே மாயக்காள், கையில் காலி ஆரத்தித் தட்டு.

"என்னத்த ஊத்துன?"

"ஆலாத்திதேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கெட்டியாக் கரைச்சு சுத்துனேன். தெருவுல ஊத்துனா கழுதை மிதிக்கும். திட்டி பட்டது கொப்பரைக்குத்தான, அதுலயே ஊத்திட்டேன். அண்ணன் இருந்தப்பவும் ஒருக்கா அப்படித்தேன். அன்னைக்கு அவரு தணலை இழுத்துட்டு அங்கிட்டுத் திரும்பினாரு, நான்..."

கொப்பரை உறுமியது. "அண்ணன் கோவமா இருக்காரு மதினி, இன்னும் ஒரு தட்டு கரைக்கவா?"

அப்போது காதோரம் கேட்டது: ஏத்தா, தள்ளி நில்லு, தெறிக்கும்.

தங்கப்பொண்ணு பின்வாங்கினாள். அவள் நின்ற இடத்தில் கொதிபாகு சளாரென்று விழுந்து, தரையிலேயே உறைந்தது. பிறகு நனைந்த சாக்குகளைக் கொப்பரையைச் சுற்றிப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீரை உள்ளும் புறமும் கொட்டினாள். பாகு கெட்டது, ஆனால் கல்லாகவில்லை.

சத்தம் கேட்டு மரியராஜ் ஓடிவந்தார். நுரையைத் தொட்டு முகர்ந்தார். "இது சுண்ணாம்பாச்சே. அமோனியாவோட இதுவும் சேர்ந்து தூண்டினா, தணலை இழுத்தாலும் நிக்காதே. எப்படி விழுந்துச்சு?"

மாயக்காளின் உள்ளங்கை குங்குமம் போலச் சிவந்திருந்தது. அவள் அதை முந்தானையில் ஒளிக்கவில்லை, ஒளிக்கத் தோன்றவில்லை.

"சுவத்துல அடிச்சது உதிர்ந்திருக்கும், சார்," என்றாள் தங்கப்பொண்ணு. "அன்னைக்கும் அப்படித்தான் உதிர்ந்திருக்கும். அவரு அசரல."

மரியராஜ் சுவரைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார்.

"உதிரும்," என்றார் மெல்ல. "வெள்ளைத்துரை மேல தப்பில்ல. எல்லார்ட்டயும் சொல்லிர்றேன்."

கொட்டகையையே ஒருநாள் இழுத்து மூடும்வரை துடுப்பு தங்கப்பொண்ணு கையில்தான் இருந்தது. ஆரத்தித் தட்டு உள்ளே வரவில்லை. மாயக்காள் அப்புறம் யார் குரலையும் எடுக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டாள்.

"மதினி, கொதிச்சு வர்றப்ப சடார்னு பின்னால போனியே, எப்படித் தெரிஞ்சது?"

"நீதான சொன்ன, தள்ளி நில்லுன்னு."

"நான் வாயே தொறக்கல, மதினி."

முற்றத்துக் கட்டி சொடுக்கியது. இந்த முறை தங்கப்பொண்ணும் திரும்பிப் பார்த்தாள்.