பிளாஸ்டிக் கழட்டியாச்சு

கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில்தான் சூசை அண்ணை இறந்துபோன செய்தி எனக்குக் கிடைத்தது. கார்ட்டியர்வில்லில் இருக்கும் தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில் மரண அறிவித்தல்களை ஒட்டி வைப்பார்கள். நான் அவற்றைப் படிப்பதே இல்லை. நான் கோயம்புத்தூர்க்காரி, அந்தக் கதவில் இருப்பவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னார் மனிதர்கள், நமக்குத் தெரிந்த முகம் அதில் எங்கே வரப்போகிறது என்ற நினைப்பு. அன்றைக்குக் கதவைத் தள்ளக் கை வைத்த இடத்துக்கு நேர் மேலே அவர் இருந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். அவரை டை கட்டி நான் பார்த்ததே இல்லை என்பதால், பெயரைப் படித்த பிறகுதான் முகம் பிடிபட்டது. அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கறிவேப்பிலை வாங்காமலே காருக்குத் திரும்பி, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு, அவர் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். கூட்டம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்குகிறவர். எனக்கு அவர் ராஸ்பெரி இலைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு குரல்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் நகரம் இருக்கும் தீவைத் தாண்டி மேற்கே ஒரு பண்ணையில் நாங்கள் இருவரும் ஐந்து பருவம் சேர்ந்து வேலை செய்தோம். வளைந்த இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு, மேலே பிளாஸ்டிக் போர்த்திய நீண்ட கூடாரங்கள் அங்கே பன்னிரண்டு இருந்தன. பண்ணையில் எல்லோரும் அவற்றை டனல் என்பார்கள். உள்ளே அடுப்பும் கிடையாது, ஹீட்டரும் கிடையாது. மழையும் காற்றும் படாமல் இருப்பதாலேயே, வெளியே செடிகள் கருகிப்போன பிறகும் உள்ளே சில வாரங்களுக்குப் பழம் இருக்கும். செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சுவர் எழுப்பிவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். காலையிலிருந்து மாலை வரை பேசிக்கொண்டே பழம் பறிப்போம், முகத்தைப் பார்க்கவே மாட்டோம். மற்ற வேலைக்காரர்கள் ஸ்பானிஷ் பேசினார்கள், பண்ணைக்காரர் பிரெஞ்சு பேசினார். என் கணவர் டவுன்டவுனில் கம்ப்யூட்டர் வேலை முடிந்து பேசத் தெம்பில்லாமல் வருவார். ஒரு நாளில் நான் காதால் கேட்ட தமிழில் முக்கால்வாசி சூசை அண்ணையுடையதுதான்.

நான் வேளாண்மை படித்தவள். வாழையும் மஞ்சளும் படித்துவிட்டு ராஸ்பெரியிடம் வந்து சேர்ந்தேன். முதல் வாரம் பழத்தை அழுத்திப் பிடித்து இழுத்து, பாதியை நசுக்கிக்கொண்டிருந்தேன். இலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இழுக்காதையும் தங்கச்சி. தொட்டுப் பாரும். வாறதெண்டா தானா வரும். வராட்டி நாளைக்கு வந்து பாப்பம்." எனக்குச் சுருக்கென்றது. படிப்பைக் காட்டி ஏதோ சொன்னேன். "ஓம் ஓம், நீர் படிச்சனீர்தான். பழத்துக்கு அது தெரியேல்லைப் போல," என்றார். அன்றைக்கு மத்தியானம் வரை நான் பேசவில்லை. மத்தியானம் அவரே தன் கருவாட்டுக் குழம்பை என் தட்டில் ஊற்றினார். அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க எனக்கு வக்கில்லை.

அவர் மனைவி பிலோமினா அக்கா மன்னாரில் இருந்தார். ஒன்பது வருடமாக அவரை வரவழைக்க இவர் முயன்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஒரு தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருப்பார், இவர் கார்டு போட்டு அழைப்பார். திங்கள்கிழமை அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு மறு ஒலிபரப்பாகும். "பழம் எப்பிடி இருக்குமெண்டு கேட்டவள். நாவல்பழம் அளவு எண்டன். கறுப்போ எண்டாள். இல்லை, சிவப்பு எண்டன். கொட்டை? இல்லை, உள்ளுக்கு வெறுங்கூடு எண்டன். வெறுங்கூட்டையோ அங்க மனுசர் சாப்பிடுகினம் எண்டு கேக்கிறாள்!" சிரிப்பார். பிறகு வெகுநேரம் இலைகளுக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அவர் அழுகிறாரா, வெறுமனே பறிக்கிறாரா என்று எனக்குத் தெரிந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் ஐந்தாவது பருவத்தில், செப்டம்பரில் விசா வந்தது. நவம்பர் முதல் வாரத்தில் விமானம். அவர் சந்தோஷப்பட்டதைவிடக் கவலைப்பட்டதுதான் அதிகம். "அவளுக்குக் குளிரெண்டா சரியான பயம். வந்து இறங்கினவுடனே வெள்ளையாக் கிடக்கிற நிலத்தைப் பாத்தா, திரும்பிப் போறன் எண்டுவாள். முதல்ல பழத்தைப் பாக்கட்டும். பேந்து பனியைப் பாக்கலாம்." இதுதான் அவர் திட்டம். செடியில் தொங்கும் பழத்தை அக்கா தன் கையால் ஆய்ந்து பறிக்க வேண்டும். அந்த மனிதர் என்னிடம் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை அது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அக்டோபர் கடைசியில் எல்லா டனல்களிலிருந்தும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுவார்கள். கழற்றாவிட்டால் பனி மேலே ஏறி, பாரம் தாங்காமல் இரும்பு மடங்கிவிடும். சூசை அண்ணை பண்ணைக்காரரிடம் போய், ஏழாவது டனலை மட்டும் ஒரு வாரம் விட்டுவையுங்கள் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கெஞ்சினார். அவரும் நல்ல மனிதர், சம்மதித்தார். ஆனால் பனி விழுந்தால் உடனே பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட வேண்டும், இரும்பு அவருக்கு வேண்டும். அதற்கான வளைந்த கத்தியை நீளக் கம்பில் கட்டி என்னிடம் கொடுத்தார், சூசை அண்ணையிடம் கொடுக்கவில்லை. ஆள் பார்த்துத்தான் கொடுத்தார்.

அந்த ஒரு வாரம் சூசை அண்ணை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். மாலையில் வெயில் இறங்குவதற்கு முன்பே பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கை இறக்கி மண் போட்டு மூடுவார். செடிகளின் மேல் மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்துவார். காலையில் வந்து துணியை விலக்கி ஒவ்வொரு பழமாகப் பார்ப்பார், ஒன்றைக்கூடத் தொட மாட்டார். நான் ஒரு பழத்துக்குக் கை நீட்டியதற்கு, "அது அவளின்ர," என்றார்.

அக்கா வந்து இறங்க இரண்டு நாள் இருக்கும்போது பனி விழுந்தது. ஈரப் பனி, கனமானது. காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழாவது டனலின் முதுகு நடுவில் பள்ளமாகியிருந்தது. அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளிருந்து பிளாஸ்டிக்கைத் தள்ளித் தள்ளிப் பனியைச் சரித்தார். ஒரு பக்கம் சரிக்க, மறுபக்கம் ஏறியது. இரும்பு முனகும் சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

"வெளியே வாங்கண்ணை! நான் வெட்டணும்!"

"கொஞ்சம் பொறும் தங்கச்சி. இப்ப நிண்டிடும்."

"நிக்காது. வாங்க வெளியே!"

"கொஞ்சம் பொறும்."

நான் பொறுக்கவில்லை. அவர் உள்ளே நிற்கும்போதே கம்பை உயர்த்தி, ஒரு முனையிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் கிழிந்த நீளத்துக்குப் பனி உள்ளே கொட்டியது, செடிகள் மேல், பழங்கள் மேல், அவர் தலை மேல். இரண்டு வளைவுகள் மட்டும் கொஞ்சம் கோணின, மற்றவை தப்பின. அரை மணி நேரத்தில் பனி நின்று வெயில் வந்தது. அவர் சொன்னபடியே நின்றுவிட்டது. அவர் தொப்பியைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வாகனத்தில ஏறும்," என்றார். கார்ட்டியர்வில் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு அந்தப் பருவம் முடிந்தது. அடுத்த வசந்தத்தில் எனக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கர்க்லாண்டில் வீடு வாங்கினோம், பையன் பிறந்தான், குழந்தைகள் காப்பகத்துக்குப் போனான், பிரெஞ்சில் பேச ஆரம்பித்தான். நான் சூசை அண்ணையை அழைக்கவே இல்லை. பிலோமினா அக்கா வந்து சேர்ந்தாரா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால், பழம் பார்த்தாரா என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

அவர் அழைத்தார். ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும், நான் வேலையில் இருக்கும் பகல் நேரத்தில், எங்கள் வீட்டுப் போனில் செய்தி பதியும் மெஷினில் ஒரு செய்தி இருக்கும். "தங்கச்சி, நான் சூசை கதைக்கிறன். பிளாஸ்டிக் கழட்டியாச்சு. வேற ஒண்டும் இல்லை. வைக்கிறன்." ஐந்து வருடம், ஐந்து செய்தி, ஏறக்குறைய அதே வார்த்தைகள். குத்திக்காட்டுகிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். "ஒரு போன் பண்ணேன், பாவம்," என்பார் என் கணவர். பண்ணிக்கலாம் என்பேன்.

அறிவித்தலைப் பார்த்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிலோமினா அக்காவை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். பெயரைச் சொன்னதும், "நீங்களோ அந்த டனல் தங்கச்சி?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விமான நிலையத்திலிருந்து நேரே பண்ணைக்குத்தான் கூட்டிப்போனாராம். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டைப் போர்த்தி, கிழிந்து தொங்கும் பிளாஸ்டிக்குக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தினாராம். பனிக்குள்ளே சிவப்புச் சிவப்பாகப் பழம். "இந்த நாட்டில பழம் பனிக்குள்ளதான் பழுக்குமோ எண்டு கேட்டன். ஓம், இஞ்ச அப்பிடித்தான் எண்டார். ஆய்ஞ்சு வாயில போட்டன், ஐஸ் மாதிரி. அடுத்த கோடை வரைக்கும் அதை நம்பிக்கொண்டு திரிஞ்சனான் பிள்ளை." சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

பிளாஸ்டிக் ஏன் கிழிந்திருந்தது என்று சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னவர். தங்கச்சி வெட்டினபடியாத்தான் இரும்பு என்ர தலையில விழேல்லை எண்டுவார். அந்தப் பிள்ளை நல்லாப் பயந்துபோச்சு, எனக்கும் அண்டைக்கு வாய் வரேல்லை எண்டுவார். அதுதான் ஒவ்வொரு வருஷமும் போன் எடுத்துச் சொல்லுறவர், கழட்டியாச்சு, பயமில்லையெண்டு." பிறகு, "தங்கச்சி திருப்பி எடுத்தவவோ எண்டு கேப்பன். வேலையா இருப்பா எண்டுவார்," என்றார்.

குற்றம் சொல்லாத குரலில்தான் சொன்னார். அதனால் எனக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று.

அவருடன் வேலை செய்த யாராவது இந்த மலருக்கு நாலு வரி எழுத வேண்டும் என்று அக்கா கேட்டார். அவரைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்படி ஆகிவிட்டது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஐந்து செய்திகள். புது போன் வாங்கிய பிறகும் பழைய மெஷினைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது ஏன் என்று எனக்கே தெரியாது. இந்த அக்டோபரில் ஆறாவது வரவில்லை.

இன்று காலை கர்க்லாண்டில் முதல் பனி விழுந்தது. பண்ணைக்குப் போன் செய்து கேட்டேன். எல்லாவற்றையும் போன வாரமே கழற்றிவிட்டார்களாம். அதைச் சொல்ல அக்கா வீட்டுக்கு அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை, மெஷின்தான் எடுத்தது. அதில் பதிந்திருந்த அறிவிப்பை இன்னும் மாற்றவில்லை. "நாங்கள் வீட்டில இல்லை. ஆறுதலாச் சொல்லுங்கோ, கேக்கிறம்," என்றது சூசை அண்ணையின் குரல்.

"அண்ணை," என்றேன், "பிளாஸ்டிக் கழட்டியாச்சு."