பரணில் இருக்கும் காமிக்ஸ்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் மழைக்காலம் வந்தால் விறகை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிக் காயவைப்போம். என் பழைய காமிக்ஸ் புத்தகங்களும் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் பதுளை ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். கொழுந்து பறித்துவிட்டு வந்து ஒன்றை விரித்தால் இடுப்புவலி மறந்துபோகும்.

போன மாதம் அவற்றை விலைக்குக் கேட்டு, கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். ஒன்றை மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"புகை வாசம் அடிக்குதே! இதையெல்லாம் உறையில போட்டு மூடி வைக்கணும். கையே படக் கூடாது."

"அப்ப எப்பங்க படிக்கிறது?"

"இது படிக்கிறதுக்கு இல்லம்மா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தேன். கதை முடியும்வரை அவருக்குத் தேத்தண்ணிகூட ஊற்றவில்லை.